ஆறுதலி கேட்டுக்கொண்டிருந்தது

“...அவ போய்ச் சேர்ந்துட்டா நல்லாயிருக்கும்னு தோணுது. நேத்து மூச்சு நின்ன மாதிரி இருந்துச்சு. எனக்கு முதல்ல வந்தது பயமில்ல, நிம்மதி. மறுபடி மூச்சை இழுத்தா பாரு, ஏமாந்துட்டேன்.”

ஜெபசிங் சொல்லிவிட்டு எதிரே பார்த்தான். ஆறுதலி தலையசைத்தது. அதன் வெண்பீங்கான் முகத்தில் கண்களுக்குப் பதில் இரண்டு நீலப் புள்ளிகள் மெல்ல ஒளிர்ந்தன.

நிலவில், தாமரைக்குழிக் குடியிருப்பில், தீராத நோயாளி இருக்கும் வீட்டுக்கெல்லாம் ஓர் ஆறுதலி வரும். காற்றும் தண்ணீரும் போல அதையும் நிர்வாகமே அனுப்பியது. மனிதரிடம் மனம்விட்டுப் பேச அங்கே யாரும் துணிவதில்லை. ஒரே கண்ணாடிக் குவிமாடத்துக்குள் அடைந்து கிடக்கும் சனம். காலையில் ஒருவரிடம் சொன்னது மதியச் சாப்பாட்டு வரிசையில் எல்லார் வாயிலும் இருக்கும். இயந்திரமோ கேட்கும். கேட்பதோடு சரி.

அவன் மனைவி ரூபாவின் நுரையீரலை நிலாத்தூசி தின்றுகொண்டிருந்தது. பூமிக்கு அனுப்பினால் அவள் உடம்பு தாங்காது. அவளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கோழை எடுத்து, ஜெபசிங் எலும்பும் தோலுமாகியிருந்தான்.

“நான் கெட்டவனா? சொல்லேன். உனக்குத்தான் பாவ புண்ணியம் கிடையாதே.”

ஆறுதலியின் தோள்கள் குலுங்கின. ஏதோ பழுது என்று எழுந்தவன், கழுத்துக்குப் பின்னாலிருந்த விசையை அழுத்தினான். முகம் கழன்று கையோடு வந்தது. உள்ளே, வியர்வையில் முடி ஒட்டிய ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பாசிப் பண்ணையில் முன்பு வேலை பார்த்த மீனலோசனி.

“அடிப்பாவி! இத்தனை நாளும் நீயா? நான் சொன்னதெல்லாம்... ஊரே காறித் துப்புமே!”

“யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல அண்ணே.”

“அப்போ மெஷின்?”

“முதல்ல நிஜ மெஷின்தான் செஞ்சாங்க. மனுசங்க ஆறுதல் சொல்றதையெல்லாம் கேக்க வச்சுப் பழக்குனாங்க. அது வாயை மூடுவேனான்னுடுச்சு. தைரியமா இருங்கங்கும், கஷாயம் சொல்லும், கடவுள் இருக்காருங்கும். ஒரு வீட்ல கட்டிலைத் தூக்கி அது தலையில போட்டுட்டாங்க. அப்புறம்தான் எங்களைப் பிடிச்சு, பேசாம இருக்கப் பயிற்சி குடுத்து இதுக்குள்ள உட்கார வச்சாங்க.”

அவன் முகமூடியை நீட்டினான். அவள் கைநீட்டவில்லை.

“என் மகன் நேத்து போயிட்டான் அண்ணே. அதே தூசி. ஆறுதலிக்கு ஏது லீவு? என் வீட்டுக்கும் ஒண்ணு அனுப்பினாங்க. உள்ள யாரு இருக்கான்னு எனக்குத்தான் தெரியுமே, எப்படிப் பேசுவேன்?”

ஜெபசிங்கின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அழாதம்மா. மனசைத் தேத்திக்க. உனக்கு என்ன வயசாயிடுச்சு, இன்னொரு பிள்ளை...”

மீனலோசனி அவன் கையிலிருந்த முகமூடியை வாங்கினாள். அதை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

“கொஞ்ச நேரம் இதைப் போட்டுக்கிட்டு உட்காருங்களேன் அண்ணே.”