ஒன்பதாம் அறையில் இருவர்

சாப்பாட்டுப் பெட்டிக்குள் இரண்டு கரண்டிகள் இருந்தன.

இரண்டு ரொட்டிப் பொட்டலம், இரண்டு கிண்ணம் பருப்பு சூப், இரண்டு தண்ணீர் பாட்டில். அறையில் இருந்ததோ இஜ்லால் ஒருத்திதான். முதல் நாள் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்ட் சூடானில் கிளம்பி, கார்ட்டூமில் ஒன்றரை நாள் காத்துக் கிடந்து, அம்மான் விமான நிலையத்தில் மூக்கைக் குடைந்து சோதித்த பிறகு பஸ்ஸில் இர்பித் நகரத்துக்கு வந்து சேர்ந்தவளுக்கு அந்த இரண்டு பங்கு சூப்பும் வயிற்றுக்குப் போதவில்லை.

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் முதல் மாடி, ஒன்பதாம் அறை. பதினான்கு நாள் தனிமை. வாசலுக்குக் குறுக்கே மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். காவலாளி அபூ முஃப்லிஹ் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து இத்திதால் மேடம் கூப்பிடுவார்; காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வந்தவுடன் கையில் கொடுத்த பையில் ஒரு வெப்பமானி, பதினான்கு முகக்கவசங்கள், விதிமுறைகள் அச்சடித்த ஒரு தாள். தாளை அவள் சுவரில் ஒட்டி வைத்தாள்.

அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள். சன்னலோரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டிலில் கிடந்தது புது மெத்தை. கடையில் சுற்றிக் கொடுத்த கெட்டி பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மதிய வேளைகளில், கீழே ஒலிவ மரங்களில் குருவிகள் அடங்கி, ஊரடங்கில் சாலை செத்துக் கிடக்க, தாழ்வாரத்தில் தெளித்த கிருமிநாசினியின் நெடி கதவிடுக்கு வழியாக உள்ளே ஊறி வரும்போது, அந்த உறை தானாகச் சரசரக்கும். வெயில் பட்டால் பிளாஸ்டிக் விரியத்தானே செய்யும் என்று இஜ்லால் பாடப் புத்தகத்தில் கண்ணைப் பதித்துக்கொள்வாள். அந்தக் கட்டிலின் மேல் வெயில் விழுவதே இல்லை என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தாள்.

வியாழக்கிழமை இரண்டு மணியோடு சேர்க்கைப் பதிவு முடிகிறது. மருந்தியல் படிப்புக்குப் போன வருடமே இடம் கிடைத்திருந்தது. நாடே தெருவில் இறங்கி நின்ற வருடம் அது, வர முடியவில்லை. கெஞ்சி ஒரு வருடம் தள்ளி வாங்கினாள். இன்னொரு முறை தள்ள மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் இங்கே தங்க அனுமதி இல்லை. ஊர் திரும்பலாமென்றால் விமானம் இல்லை. அன்று பன்னிரண்டரை மணிக்கு அவள் பதிவுப் பக்கத்தைத் திறந்தபோது அது சிவப்பாக நின்றது. அறையில் தங்கியிருக்கும் இருவரில் ஒருவரின் வெப்பநிலை வந்து சேரவில்லை என்றது.

அலுவலகத்துக்கு லைன் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

"மேடம், நான் தனியாத்தான் இருக்கேன். இங்க வேற யாரும் இல்ல."

"லிஸ்ட்ல ரெண்டு பேர்னு இருக்கே, கண்ணு."

"தப்பா ஏறியிருக்கும் மேடம். மாத்திடுங்களேன்."

"மாத்தறதுக்குக் கமிட்டி கையெழுத்து வேணும். கமிட்டி ஞாயித்துக்கெழமைதான் கூடும்." மறுமுனையில் இன்னும் இரண்டு போன்கள் அலறிக்கொண்டிருந்தன. இத்திதால் மேடம் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. அந்தக் கட்டம் காலியா இருந்தா உன் பதிவு நகராது. அவ பேரு என்ன, காய்ச்சல் எவ்வளவு, ரெண்டு வார்த்தை. ஞாயித்துக்கெழம நானே அழிச்சுடறேன். சொல்லு."

மணி ஒன்று நாற்பது.

"நஜாத்," என்றாள் இஜ்லால். அந்தப் பெயரில் அவளுக்கு யாரையும் தெரியாது. "முப்பத்தாறு புள்ளி அஞ்சு."

பக்கம் பச்சையானது. அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாள். "எங்க வீட்டு மருந்துக்காரி!" என்று அவர் குரலைப் பதிவுசெய்து அனுப்பினார், பின்னால் அம்மா குலவையிடுவது கேட்டது. இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

எதிர்க் கட்டிலின் பிளாஸ்டிக் உறை, தலைமாட்டில், வியர்த்திருந்தது.

முகக்கவசம் ஒன்றை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. விரலால் தேய்த்தாள், விரல் காய்ந்தே இருந்தது. ஈரம் உறைக்கு உள்பக்கம். வெள்ளிக்கிழமை காலையில் உள்ளங்கை அளவு இருந்தது, மதிய ஜும்ஆ தொழுகை நேரத்துக்கு ஒரு முகத்தளவு பரவியிருந்தது. அது அப்படியே நிற்கவில்லை என்பதுதான் அவளைக் கட்டிலின் மூலைக்குத் தள்ளியது. வெண்மையாகப் படர்ந்தது, மெல்லச் சுருங்கியது, மறுபடியும் படர்ந்தது. அதோடு சேர்ந்து தானும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை அவள் வெகுநேரம் கழித்து உணர்ந்தாள். மூச்சைப் பிடித்து நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை, பத்து மணிக்குப் போன் வந்தபோது இத்திதால் மேடத்தின் குரலில் பழைய கனிவு இல்லை.

"மறைச்சுட்ட, இல்ல?"

"என்ன மேடம்?"

"நஜாத் இப்பத்தான் பேசினா. முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. ரெண்டு நாளா உன்கிட்ட சொல்றாளாம்."

"மேடம், அப்படி யாருமே இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். நீங்கதான ஒரு பேரு சொல்லுன்னீங்க..."

"நான் பொய் சொல்லச் சொன்னேனா? யாருகிட்ட பேசறே?" "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து மறைக்கிறதுல நீ மொத ஆள் இல்ல. ஆனா, தண்ணி கேட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறியாமே? அது என்ன மனசு?"

"எந்த நம்பர்லேர்ந்து பேசினா மேடம்?"

"உன் நம்பர்தான்."

லைன் போய்விட்டது. அவள் அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு போயிருந்தது. நான்கு நிமிடம். அந்த நேரத்தில் அவள் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். போன் மேசைமேல் கிடந்தது.

மதியச் சாப்பாட்டோடு காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவில் அறைந்தாள்.

"அபூ முஃப்லிஹ்! எனக்கு வேற ரூம் குடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"நாடாவ நான் தொட்டா என் வேல போயிடும் மகளே."

"உள்ள வேற யாரும் இல்லேன்னு நீங்களாவது மேடத்துகிட்ட சொல்லுங்க. நீங்கதான என்னைக் கூட்டிட்டு வந்து விட்டீங்க? என்னை மட்டுந்தான?"

அவர் குரல் கதவுக்கு மிக அருகில் வந்தது.

"ஒரு பெட்டிதான் தூக்கினேன். ஒரு பொண்ணத்தான் கூட்டிட்டு வந்தேன். அது சத்தியம். ஆனா நேத்து மத்தியானம் கதவத் தட்டினப்ப, 'வெச்சுட்டுப் போங்க, அவ தூங்கறா'ன்னு உள்ளேருந்து பதில் வந்துதே மகளே. அது யாரு?"

நேற்று மதியம் அவள் தூங்கியது உண்மைதான்.

அன்று ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் ஊற்றி எதிர்க் கட்டிலின் அருகே தரையில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தண்ணி கேட்டாளாம் என்ற அந்த ஒரு வாக்கியம் காதுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மாலை அஸர் தொழுகைக்கு விரிப்பை விரித்தாள். வலத்தோளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நீளமாகச் சரசரத்தது, யாரோ ஒருக்களித்துப் புரள்வதுபோல. தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்கத் தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அந்தப் பக்கம்தான் கட்டில். அவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள்.

கோப்பை காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடவில்லை, தலைவருக்கே நோய். காலைப் போனில், நஜாத்துக்கு முப்பத்தொன்பது புள்ளி ஆறு. இஜ்லால் போனை அணைத்து உடைக்குள் செருகிக்கொண்டாள். வெப்பமானியைக் கைக்குள் பொத்திக்கொண்டு குளியலறையில் போய் உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு அணைந்த போன் தானாக ஒளிர்ந்து அடித்தது. நாற்பது புள்ளி நான்கு, ஆஸ்பத்திரியில் இன்னும் படுக்கை கிடைக்கவில்லை என்றார் மேடம்.

"வெப்பமானி என் கையில இருக்கு மேடம். இதோ, என் கையில. அவ எதை வெச்சுப் பாத்தா?"

"உன் கையிலேர்ந்து வாங்கித்தான் பாக்கறாளாம்," என்றார் இத்திதால் மேடம். "உன் விரலைப் பிரிக்கவே ரொம்பக் கஷ்டமா இருக்காம்."

இஜ்லால் கையைப் பார்த்தாள். விரல்கள் விரிந்திருந்தன. வெப்பமானி சுட்டது.

அறை முழுக்கக் காய்ச்சல்காரியின் வாடை. புளித்த வியர்வை, வறண்ட வாய், துவைக்காத தலைமுடி. உறை இப்போது தலை முதல் கால் வரை வெளுத்து, உள்ளே நீர்க் கோடுகள் வழிந்து, நடுவே மெத்தை நீளவாக்கில் அமுங்கியிருந்தது. அப்பாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். எடுத்ததும் அவர் சொன்னார்: "என்னம்மா, இப்பத்தான உன் சிநேகிதிகிட்ட பேசினேன். நீ தூங்கறதா சொன்னாளே. நல்ல பொண்ணு. பத்திரமாப் பாத்துக்கோ."

அதன் பிறகு அவள் யாரையும் அழைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உறை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. படர்வதும் இல்லை. சுருங்குவதும் இல்லை. வாடையும் போய்விட்டது. இஜ்லால் அறை நடுவில் நின்றாள். அழுதாள். போய்விட்டது. போயேவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

பத்து மணி. போன்.

மேடம் அழுதுகொண்டிருந்தார்.

"இருபத்திரண்டுங்கறா, இஜ்லால்."

"என்னது?"

"காய்ச்சல். இருபத்திரண்டாம். தப்பா இருக்கும், இன்னொரு தரம் வெச்சுப் பாரும்மான்னேன். அதேதான்னா. நிதானமா சொல்றா. இருமல்கூட இல்ல." மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஆளுங்கள அனுப்பியிருக்கேன். நீ அவ பக்கத்துலயே இரு."

சுவரில் குளிரூட்டியின் சிறு பெட்டி. அதில் அறையின் வெப்பம். இருபத்திரண்டு.

வெள்ளைக் கவச உடையில் இரண்டு பேர் வந்தார்கள். நாடாவை அறுக்கும் சத்தம். கதவு விரியத் திறந்தது. தாழ்வாரத்தின் கோடியில் அபூ முஃப்லிஹ் கையேந்தி ஏதோ ஓதிக்கொண்டு நின்றார். இளையவன் எதிர்க் கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பிறகு இஜ்லாலைப் பார்த்தான். கண்ணாடிக் கவசத்துக்குப் பின்னால் அவன் முகம் கோணியது.

"இதுக்குள்ள இவள யாரு போட்டது?"

"அங்க ஒண்ணும் இல்ல," என்றாள் இஜ்லால். "வெறும் மெத்தை. பாருங்க. வெறும் மெத்தைதான."

மூத்தவர் கட்டிலை நெருங்கினார். கத்தியால் உறையைத் தலைமாட்டிலிருந்து கீழ்வரை கிழித்தார். பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் சரிந்தது. உள்ளே மெத்தை. நடுவில் பள்ளம். வேறொன்றும் இல்லை. இருவரும் குனிந்தார்கள். பள்ளத்துக்கு இரு பக்கமும் அடியில் கைகளைக் கொடுத்தார்கள். தூக்க முடியாமல் ஒருமுறை முக்கினார்கள். இளையவனின் முழங்கால் கட்டிலில் இடித்தது. கனம்.

"கொஞ்சம் இரு," என்றார் மூத்தவர். அவர் குரல் இளகியிருந்தது. "தங்கச்சி, இங்க வா. கண்ணு தெறந்தே இருக்கு. ஊரு தாண்டி வந்த பொண்ணு, எங்க கையுறை கடைசியா படக்கூடாது. கூட இருந்தவ நீ. மூடி விடு."

"இல்ல. வேணாம். இல்ல..."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை. ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, வெற்று மெத்தையின் மேல் கொண்டுபோனார்.

கை மெத்தையைத் தொடவில்லை. அதற்கு முன்பே நின்றது.

நெற்றி. சில்லென்று. புருவம். கீழே, விரல் நுனியில், இமை மயிர்.

இஜ்லால் கீழ்நோக்கித் தடவினாள். இமைகள் மூடின. ஈரமாக. இலகுவாக.

"அவ்வளவுதாம்மா," என்றார் அவர், மணிக்கட்டை விட்டுவிட்டு. "கைய எடு."

எடுக்க முடியவில்லை. அவளுடைய உள்ளங்கைக்கு அடியில், மெல்ல, இரண்டு இமைகளும் திறந்தன.