உடனுறைவரின் மூன்றாம் விளக்கு

மதிலடித் தெருவில் காலையில் எழுந்ததும் யாரும் முதலில் சாமி படத்தைப் பார்ப்பதில்லை. வாசலுக்கு வந்து என் வீட்டு மொட்டைமாடியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே மூன்று பச்சை விளக்குகள் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று நான், ஒன்று என் மனைவி லோகநாயகி, மூன்றாவது எங்கள் மகள் இளவெயினி. மணிக்கட்டில் நாங்கள் கட்டியிருக்கும் நாடிப்பட்டை எங்கள் இதயத்துடிப்பை அப்படியே விளக்குக்கு அனுப்பிவிடும். பட்டை ஊர் எல்லையைத் தாண்டினால் விளக்கு அணைந்துவிடும். மூன்றும் எரிந்தால் தெரு நிம்மதியாகப் பல் துலக்கப் போகும்.

தெருக்கோடியில் கடல்மதில். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் ஜன்னல் உயரத்துக்குக் கடல் நிற்கிறது. வடசென்னையின் பாதிக் கரை இப்படி மதிலுக்குப் பின்னால்தான் பிழைத்துக் கிடக்கிறது. மதிலை ஒட்டிய முதல் வீடு, ஆகத் தாழ்ந்த வீடு, என்னுடையது. யாரையும் குறை சொல்ல முடியாது, என் வாயால் நானே தேடிக்கொண்ட வீடு.

முன்பெல்லாம் பிரபலமானவர்கள் மேடையேறி, "இவருக்கே போடுங்கள்" என்று கும்பிட்டுவிட்டு, ஏசி காரில் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். அதைக் கேட்டு எவனாவது ஓட்டை மாற்றிப் போட்டானா இல்லையா என்று பேராசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். உடனுறைச் சட்டம் வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஒருவருக்காக நீ வாய் திறந்து, அவர் ஜெயித்துவிட்டால், அவருடைய வட்டத்திலேயே மோசமான வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு நீ குடியிருக்க வேண்டும், பதவிக்காலம் முடியும்வரை. அப்படிக் குடியிருப்பவருக்கு உடனுறைவர் என்று பெயர். அன்றே பெரிய பெரிய வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. மிச்சமிருந்த ஓரிருவருடைய பேச்சுக்கு மவுசு ஏறியது.

நான் கபடி வர்ணனையாளன். மைக் தணிகாசலம் என்றால் கடலோரம் முழுக்கத் தெரியும். ஒரே அணியில் என்னோடு ஆடிய பூவராகன் வட்ட உறுப்பினர் தேர்தலில் நின்றான், மதிலைப் பலப்படுத்துவேன் என்றான். நான் மேடையேறி, "என் பிள்ளையையே அந்த மதிலடியில் தூங்க வைக்கிறேன், போதுமா?" என்று முழங்கினேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. அவன் ஜெயித்தான். அடுத்த மாதம் மறுபடியும் நிற்கிறான்.

அன்று காலை பக்கத்து வீட்டு ஆரவல்லி கையில் சொம்போடு வந்தாள். மீன் அங்காடியில் கடை வைத்திருப்பவள். குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். ஆனால் அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"இன்னாண்ணா, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? நாலு நாளா மூணாவது லைட்டு படபடன்னு அடிச்சுக்குது. கொயந்தைக்கு ஜுரம் இருந்தாத்தான் நாடி இப்டி ஓடும். கஷாயம் வெச்சாந்தேன்."

உள்ளேயிருந்து லோகு ஓடிவந்தாள். "லேசா காய்ச்சல் ஆரவல்லி, தூங்குறா" என்று சொம்பை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே தூங்கியது இளவெயினி இல்லை. எங்கள் பூனை. அதன் கழுத்தில் மகளுடைய நாடிப்பட்டை. பூனையின் இதயம் மனிதக் குழந்தையுடையதைவிட வேகமாக அடிக்கும் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை.

மதில் உணரிகளைக் கவனிக்கும் பொறியாளர் ஒருவர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடித்தளத்தை உப்புநீர் அரித்துவிட்டது, அடுத்த புயலுக்கே தாங்காது என்றார். நான் பூவராகனிடம் ஓடினேன். "தேர்தல் முடியட்டும்டா மச்சான், முதல் வேலையே அதான். இப்ப வெளிய தெரிஞ்சா நான் காலி" என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று மாலையே மகளைச் சேலத்தில் லோகுவின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். எங்கள் பிள்ளைக்கு மட்டும் மதில் உடையும். ஊரார் பிள்ளைக்கு உடையாது. அப்படித்தானே நடந்துகொண்டோம்!

ஆரவல்லி போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு மேகலாவ இட்டுனு வந்துட்டேண்ணா. எட்டு மாசம். திருத்தணில அவ மாமியாரு ஒரே அடம். மேட்டுல கீற வூட்ட வுட்டுட்டு மதிலுக்கடியில புள்ள பெக்கணுமான்னு கேட்டுச்சு. தலப்பிரசவம் தாய்வூட்லதான், எங்க உடனுறைவரு வூட்டுக் கொயந்தையே அங்கதான் தூங்குதுன்னு சொன்னேன். அந்தம்மா கப்சிப். நீங்களும் அன்னிக்கு, தாராளமா இட்டுனு வாம்மான்னு சொன்னீங்களே, அதான் தைரியம்."

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். இளவெயினியை அனுப்பிய மறுநாள், இதே வாசலில், மைக்கில் பேசும் அதே கம்பீரத்தோடு. வேறு என்ன பதில் சொன்னாலும் சந்தேகம் வரும் என்று பயந்து அப்படிச் சொன்னேன். ஐயோ, ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நானே கூப்பிட்டு மதிலடியில் உட்கார வைத்திருக்கிறேன்.

லோகு என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். பட்டையை ஏமாற்றினால் சிறை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. உள்ளே போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆரவல்லி முன்னால் வைத்தேன்.

"பாப்பா இங்க இல்ல ஆரவல்லி. மதில் அரிச்சுப் போச்சு. அவள அனுப்பிட்டோம்."

அவள் பூனையின் கழுத்தைப் பார்த்தாள்.

"மேகலாவ இட்டுனு வரட்டான்னு நான் கேட்டப்பவே பாப்பாவ அனுப்பிட்டிருந்தீங்களா?"

"ஆமா."

"உன்ன அண்ணன்னு கூப்ட்டேன்யா" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

பூனையின் பட்டையை அவிழ்த்தேன். மாடியில் மூன்றாம் விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் தெருவே வாசலில் கூடிவிட்டது. நான் திண்டாடித் திண்டாடி எல்லாவற்றையும் சொன்னேன். மதில் தாங்காது, வங்கக் கடலில் தாழ்வுநிலை இருக்கிறது, இன்றே கிளம்புங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆயிரம் ஆட்டங்களில் கூட்டத்தை எழுப்பி நிற்க வைத்த குரல் அது. ஒருவரும் அசையவில்லை.

வலை பின்னும் தேசிங்கு சிரித்தார். "அட போப்பா! தேர்தல் நேரத்துல எதிர்க்கட்சிக்காரன் உனக்குத் துட்டு எதாச்சும் வெட்டிட்டானா? பாப்பா பெரியம்மா ஊட்டுக்குப் போனா போவுது. நீயும் உம் பொஞ்சாதியும் இங்கதான கீறீங்க? ரெண்டு லைட்டு எரியுதே. உடையிற மதிலுக்கடியில எவனாவது குந்திக்கினு இருப்பானா?"

"சொல்றேன்ல, நம்புங்க!"

"உன் பேச்ச நம்பியா ஓட்டுப் போட்டோம்? நீ இங்க குடி வந்தே ஆவணும்னுதான் போட்டோம். வந்ததப் பார்த்துத்தான் நிம்மதியா இருந்தோம்" என்றார் தேசிங்கு.

கூட்டம் கலையப் பார்த்தது. ஆரவல்லி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வாயால சொன்னா ஒருத்தரும் நவுர மாட்டாங்க. நீ கெளம்பு. மூட்டையக் கட்டிக்கினு, எல்லாரும் பாக்க, இந்தத் தெரு வழியா ஓடு. அப்பத்தான் நம்புவாங்க."

"ஓடிப்போனவன்னு காறித் துப்புவாங்களே, ஆரவல்லி."

"ஆமா. துப்பட்டும்."

லோகு உள்ளே போய்த் துணிகளை ஒரு பையில் திணித்தாள். இருவரும் பட்டைகளை அவிழ்த்து வாசற்படியில் வைத்தோம். இரண்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. தெருவில் சிரிப்பு நின்றது. யாரோ ஒருத்தி "அடப்பாவி!" என்றாள். என் முதுகில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். பின்னால் கதவுகள் படபடவென்று திறந்தன, பாத்திரங்கள் உருண்டன, குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மொத்தத் தெருவும் கிளம்பிவிட்டது.

தெருமுனையில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் மேட்டுச் சாலை, வலது பக்கம் பாலம். மூச்சு வாங்கியதால் ஒரு நிமிடம் நின்றேன். திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த காலடிகளும் நின்றன.

"மாமா" என்றாள் மேகலா. திரும்பினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆரவல்லி, அவளுக்கும் பின்னால் தெரு முழுவதும். "நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு சொல்லுங்க மாமா. நாங்களும் அந்தப் பக்கமே வரோம்."