வெள்ளரிச் செடிக்கு மயில் கூரை

தை மாதக் கடைசியில் வெயில் சுள்ளென்று அடித்தது. காஞ்சிபுரத்துக்காரர்கள் போர்வையை மடித்துப் பரண்மேல் போட்டார்கள். ஐஸ்காரர்கூட மணியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். இதையெல்லாம் பார்த்த அலமு, பனிக்காலம் ஊரைவிட்டே போய்விட்டது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். திரிசலா கொடுத்த வெள்ளரி விதைகள் அத்தனையையும் புறக்கடையில் ஊன்றிவிட்டாள்.

திரிசலா அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பொங்கலோடு குடும்பமாகத் தாமல் கிராமத்துக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவள் அப்பாவுக்குக் கழனி இருந்தது. போகும்போது விதைப் பொட்டலத்தை அலமுவின் கையில் வைத்து, "பனி முடிஞ்சதும் போடு. கோடை லீவுல வருவேன். முதல் பிஞ்சு எனக்குத்தான்!" என்றாள்.

"உனக்கில்லாம வேற யாருக்கு?" என்று அலமு சத்தியம் செய்திருந்தாள்.

விதைகள் முளைத்து, குட்டி இலைகளை விரித்தன. பள்ளிக்குப் போகும்போதும் வந்ததும் அலமு அவற்றிடம் நலம் விசாரித்தாள்.

மாசி பிறந்தது. மறந்துவிட்டுப் போன செருப்பை எடுக்க வந்ததுபோல் பனி திரும்பி வந்தது. எதிர்வீடே தெரியவில்லை. புறக்கடைக்கு ஓடிய அலமு திகைத்து நின்றுவிட்டாள். ஓரத்துச் செடிகள் கருகித் தலை தொங்கிக் கிடந்தன.

"மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. உன் செடியை விட்டுவைக்குமா? அவசரக் குடுக்கை!" என்றாள் அம்மா ரேணுகாம்பாள்.

அலமுவுக்கு அழுகை வந்தது. கையில் வேறு விதை ஒன்றுகூட இல்லை. மீதிச் செடிகளும் கருகிவிட்டால் திரிசலாவிடம் என்ன சொல்வது?

சாயங்காலம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து செடிகள்மேல் போர்த்திப் பார்த்தாள். சாக்கின் கனத்தில் ஒரு தண்டு வளைந்தது. பதறிப்போய் எடுத்துவிட்டாள். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அதன்மேல் போட்டாள். நடுவில் சாக்கு தொய்ந்து மறுபடியும் செடியைத் தொட்டது.

"நடுவுல தாங்கறதுக்கு ஏதாவது வேணும்" என்று யோசித்தவளுக்கு அப்பாவின் தறிக்கூடத்து அட்டைகள் நினைவுக்கு வந்தன.

சேலையில் மாங்காய் விழ வேண்டுமா, மயில் விழ வேண்டுமா என்று தறிக்குச் சொல்வது அந்த ஓட்டை போட்ட அட்டைகள்தான். நீள நீளமான அட்டைகளைக் கயிற்றால் கோத்து, கட்டாக மடித்து வைத்திருப்பார்கள். பழைய மாங்காய் அட்டை கிழிந்துபோய் மூலையில் கிடந்தது. அதை எடுத்தால் அப்பா கோதண்டபாணி ஒன்றும் சொல்லமாட்டார்.

கரண்ட் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் மூலையில் தடவி, கைக்கு வந்த கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். செங்கற்களின்மேல் அட்டைகளை நீளமாக விரித்தாள். அருமையான கூரை! 'அட்டை நனைஞ்சா நாளைக்கு உதவாதே' என்று சாக்கை இரண்டாக மடித்து மேலே போர்த்தினாள்.

மறுநாள் காலை அப்பாவின் குரலில் வீடே அதிர்ந்தது.

"மயில் அட்டை எங்கே? கல்யாணச் சேலைக்கு இன்னைக்குத் தறியில ஏத்தணும். இங்கே மாங்காய்தான் இருக்குது! டேய் பழனி, மறுபடியும் அட்டையை இழுத்துனு போய் ரயில் வுட்டியா?"

போர்வைக்குள்ளிருந்து தம்பி பழனி தலையை நீட்டினான். "நான் இன்னும் எழுந்துக்கவே இல்லப்பா!"

"பொய் சொல்லாதடா!"

கட்டை மாற்றி எடுத்துவிட்டது அலமுவுக்கு அப்போதுதான் புரிந்தது. பேசாமல் இருந்தால் பழி தம்பியின் தலையில் விழும். முன்னே வந்து நின்றாள்.

"அவன் இல்லப்பா, நான்தான். மாங்காய்னு நெனச்சு எடுத்துட்டேன். செடிக்குக் கூரை போட்டிருக்கேன்."

"பனியிலயா!"

அப்பா புறக்கடைக்கு ஓடினார். பின்னாலேயே அம்மா, அலமு, போர்வையோடு பழனி. சாக்கின் மேல்பக்கம் ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளுத்தது. மெல்லத் தூக்கினார். அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கடைசி அட்டை வரை அலமு மூச்சே விடவில்லை.

"காஞ்சுதான் இருக்குது" என்றார் அப்பா. பெருமூச்சு விட்டார். "மயிலுக்கு ஒரு றெக்கை நனைஞ்சிருந்தா, உன்னையும் சேர்த்துச் சேலையில நெய்ஞ்சிருப்பேன்!"

அட்டைகளை எடுத்ததும் கீழே வெள்ளரிச் செடிகள் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றன. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"சாக்கை ரெண்டா மடிச்சியே பாரு, அதுதான்மா புத்தி" என்றார். அலமுவுக்கு உச்சி குளிர்ந்தது.

அன்று சாயங்காலம் மாங்காய் அட்டையை அவரே கொண்டுவந்து விரித்தார். பனி நிற்கும் வரை தினமும் பொழுது சாய்ந்தால் கூரை போடுவதும், விடிந்தால் எடுப்பதும் அலமுவின் வேலையானது.

கோடை லீவில் திரிசலா வந்தாள். பழனியின் கண்ணில் படாமல் இலைக்கடியில் காப்பாற்றி வைத்திருந்த முதல் பிஞ்சை அலமு பறித்துக் கொடுத்தாள். திரிசலா நறுக்கென்று கடித்தாள்.

"மாசிப் பனியில எங்க கழனியிலயே பாதி கருகிடுச்சு. இது மட்டும் எப்படிப் பொழைச்சுது?"

தறிக்கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அதுவா? மயிலுக்கு அடியில படுத்துத் தூங்கினு இருந்துச்சிம்மா!"

திரிசலா புறக்கடை முழுக்க மயிலைத் தேடினாள். அலமு சிரித்துக்கொண்டே அவள் கையில் இன்னொரு பிஞ்சை வைத்தாள்.