பலூன் வேண்டாத கிண்ணம்

1784ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக்கே பலூன் பைத்தியம் பிடித்திருந்தது. பாரிஸில் யாரோ இரண்டு பேர் பலூனில் ஏறிப் பறந்துவிட்டார்கள். பறந்தவர்கள் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நெவேர் நகரத்தில் பீங்கானில் படம் வரைகிற பிளேஸுக்குத்தான் அன்று முதல் ஓய்வே இல்லை.

தட்டில் பலூன் கேட்டார்கள். கோப்பையில் கேட்டார்கள். சவரக் கிண்ணத்தில்கூடக் கேட்டார்கள். பெண்களின் தொப்பிகளும் பலூன் போலவே உப்பிக்கொண்டு தெருவில் போயின.

பிளேஸ் ஒரு பலூனையும் கண்ணால் பார்த்ததில்லை. அச்சடித்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் வரைவார். அந்தப் படத்தில் ஒரு சூப் கறை இருந்தது. ஆரம்பத்தில் கறையையும் சேர்த்தே வரைந்தார். யாரும் குறை சொல்லவில்லை.

அவர் மகள் பெரின் எதிரே உட்கார்ந்து வண்ணம் அரைத்துக் கொடுப்பாள், தூரிகை கழுவுவாள்.

"அப்பா, கண்ண மூடிக்கிட்டே வரையறீங்க!"

"மூடலம்மா. இமை கொஞ்ச நேரம் உக்காந்திருக்கு."

கையில் இருந்தது மதாம் பூர்தியா என்ற அம்மாளின் பெரிய கிண்ணம். தன் மகள் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தார்.

"பூ ஜாடி வரைஞ்சு குடு பிளேஸ். பலூன் மட்டும் வேணாம்! வரப்போற மாப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான்ல பலூன், கைக்குட்டைல பலூன். வாயத் திறந்தாலும் பலூன். வீட்ல ஒரு சாமானாவது பலூன் இல்லாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிளேஸ் தூரிகையைக் கீழே வைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பெரின்... இது என்ன?"

"பலூன்ப்பா."

"நான் பூ ஜாடின்னுதானே நினைச்சேன்!"

"நீங்க நினைச்சீங்க. உங்க கை நினைக்கலை."

கிண்ணத்தின் உட்பக்கம் நிறைய உருண்டை, கயிறு, கூடை என்று ஒன்றும் குறையவில்லை.

அழிக்கவும் முடியாது. சூளையில் வைப்பதற்கு முன் கிண்ணத்தின் மேல் மாவு மாதிரி வெள்ளைப் பூச்சு இருக்கும். தூரிகை பட்டதும் அது வண்ணத்தைக் குடித்துவிடும். துடைத்தால் பூச்சே உதிர்ந்துவிடும். அவ்வளவு பெரிய கிண்ணம் வேறு இல்லை.

வெளியே சூளைக்கார திபோ கத்தினார். "இன்னும் கொஞ்ச நேரத்துல சூளைய மூடிடுவேன்! அடுத்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான்!"

"நானே போய் மதாம்கிட்ட சொல்லிடறேன். திட்டுனா வாங்கிக்கறேன். ஆனா அந்தக் கல்யாணப் பொண்ணு பொறந்தப்போ அவளுக்குக் கஞ்சிக் கிண்ணம் வரைஞ்சது நான்தான். இதுவும் நான்தான் வரைவேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்" என்றார் பிளேஸ்.

கொஞ்சம் யோசிக்கலாம் என்று மேஜையில் தலையைச் சாய்த்தார். தூங்கிவிட்டார்.

பெரின் எதிர்ப்பக்கத்திலிருந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பலூன் தலைகீழாகத் தெரிந்தது. கீழே குண்டு வயிறு. மேலே ஒடுங்கிய வாய். வாயிலிருந்து மேலே கிளம்பும் கயிறுகள்...

வயிறு ஜாடி. கயிறுகள் காம்பு. வட்டக் கிண்ணத்துக்கு மேல் எது, கீழ் எது?

கூடையை மட்டும் மறைக்க வேண்டும். இதுவரை அவள் யாருடைய பாத்திரத்திலும் தூரிகை வைத்ததில்லை. முதலில் ஓர் உடைந்த ஓட்டில் வரைந்து பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூடையின் மேல் பெரிய நீலப் பூ ஒன்று வரைந்தாள். சுற்றிலும் மஞ்சள் பூக்கள். கயிறுகளில் பச்சை இலைகள்.

திபோ வந்து கிண்ணத்தைத் தூக்கினார். "பூவெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கே?"

"கல்யாண முட்டைக்கோஸ், மாமா. சத்தம் போடாதீங்க. அப்பா தூங்கறார்."

விழித்ததும் மதாமிடம் சொல்லக் கிளம்பிய பிளேஸை, "சூளை திறக்கட்டும்ப்பா" என்று பெரின் தடுத்துவிட்டாள். சூளை ஆறித் திறந்த அன்று மதாம் பூர்தியாவே வந்தார். பிளேஸ் பாதி வரைந்த ஒரு பலூனின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பெரின் கிண்ணத்தை நீட்டினாள்.

"பூ ஜாடி! அப்பாடா! கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு!"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெரினின் காது சுட்டது.

"மதாம்... அது முதல்ல பலூன். அப்பா தூக்கக் கலக்கத்துல வரைஞ்சுட்டார். பூ நான் போட்டது." கிண்ணத்தைத் திருப்பிக் காட்டினாள்.

மதாமின் உதடுகள் இறுகின. கிண்ணத்தை ஒரு தடவை திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார். அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"அப்போ என் வீட்ல பலூனத் தலைகீழா நிக்க வெச்சிருக்கேன்னு சொல்லு! இதவிட வேற என்னடி வேணும் எனக்கு?" என்று அவர் சிரித்த சிரிப்பில் அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன.

பிளேஸ் திடுக்கிட்டு எழுந்தார். "பலூனா? எத்தனை வேணும், மதாம்?"

"ஒண்ணும் வேணாம். நீ தூங்குப்பா" என்றார் மதாம்.

பல மாதங்களாக வந்த வேலைகளில் பிளேஸுக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். உடனே ஆரம்பித்துவிட்டார்.