படகுக்கு அடியில் ஒரு கோடு

ஆம்பூர் பஜாரில் ரஃபி அகமது கடைக்கு நான் போனபோது மழை விட்டிருந்தது. தூண்டில், வலை, நைலான் கயிறு விற்கிற கடை. மீன் காட்டும் மிஷின் வேண்டும் என்றேன்.

"இன்னா பெரியவரே, ஏரியில திமிங்கலம் கீதா?" என்று சிரித்தான்.

"என் மகன் கீறான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

என் மகன் நெல்வின், ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவான். அந்த வாரம் ஓடையில் வெள்ளம் வந்து ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. படகு மட்டும் கரைக்கு வந்தது. தீயணைப்புக்காரர்கள் கொக்கி போட்டுத் தேடினார்கள். உடம்பு தானாக மிதக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மிதக்கவில்லை.

மருமகள் ஜெனிஃபா தாலியைக் கழற்றவில்லை. சோறும் தின்னவில்லை. "உடம்பக் காட்டுங்க மாமா, அப்புறம் அழறேன்," என்றாள். எனக்கும் அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

ரஃபி இரண்டு மிஷின் எடுத்து வைத்தான். ஒன்று எலுமிச்சம்பழம் அளவு உருண்டை. தண்ணீரில் எறிந்தால் போனில் படம் வரும். இன்னொன்றுக்குத் தனித் திரை. ஒயர் முனையில் சோப்புக்கட்டி மாதிரி ஒன்று. அதைத் தண்ணீரில் முக்க வேண்டும்.

"உருண்டதான் இப்ப ஜாஸ்தி போவுது. மீனைப் படமாவே போட்டுக் காட்டும்."

"படம் யாரு வேணா போடுவான். தண்ணியில காட்டு."

"என்னை நம்ப மாட்டீங்களா?"

"டேனரியில தோலு வாங்கறவன் மேல்பக்கம் பாத்தா வாங்குவான்? பொரட்டிப் பாப்பான்."

கடைக்குப் பின்னால் ஒரு கிணறு. செங்கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். உருண்டை அந்தச் செங்கல்லை மீன் என்றது. வாலோடு படம் போட்டது. மற்றது ஒரு கோடு மட்டும் போட்டது.

"மீன் குறுக்கால போனா வில்லு மாதிரி வளைவு வரும். அசையாம கீறதுக்குக் கோடு. படகு நகந்துச்சுன்னா கோடு அறுந்துடும்," என்றான் ரஃபி.

கயிற்றை இழுத்தேன். செங்கல் மேலே வர வர, கோடும் மேலே ஏறியது.

பொய் சொல்லாததை எடுத்துக்கொண்டேன்.

"கெடைச்சா சொல்லி அனுப்புங்க. மண்ணு போட வர்றேன்," என்றான்.

மறுநாள் காலையில் ஜெனிஃபா தானும் வருவேன் என்று நின்றாள். ஏற்றிக்கொண்டேன். வானம் ஈயம் பூசினது போல இருந்தது. தண்ணீரில் சுண்ணாம்பும் அழுகிய தோலும் கலந்த பழைய நாற்றம். ஒரு கொக்குகூட இல்லை. துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் தரை தெரிந்தது. சேறு, கல், மறுபடி சேறு. ஆழமான இடத்தில், தரைக்கு மேலே, கோடு விழுந்தது.

"மாமா."

"பாத்தேன்."

துடுப்பைத் தூக்கினேன். கோடு நீண்டது. கல் கட்டிய மிதவையைப் போட்டு இடத்துக்கு அடையாளம் வைத்தேன். பிறகு துடுப்பு வலித்தேன்.

கோடு அறுபட்டிருக்க வேண்டும்.

அறுபடவில்லை.

வேகமாக வலித்தேன். மிதவை பின்னால் சிறுத்துப் போனது. அடியில் தரை ஏறியது, இறங்கியது. கோடு அப்படியே கூட வந்தது.

"மிஷின் கெட்டுப் போச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னா மாமா அது?"

நான் படகைக் கரைப்பக்கம் திருப்பினேன். அவள் கையைத் தண்ணீரில் விட்டாள். சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தீயணைப்புக்காரர்கள் மறுபடி வந்து மிதவை போட்ட இடத்தில் முங்கிப் பார்த்தார்கள். வெறும் சேறு என்றார்கள். கோடு கூடவே வந்ததை நான் சொல்லவில்லை. கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள்.

சில நாளில் மதகுக் கம்பியில் ஒரு உடம்பு வந்து மாட்டியது. முகத்தை மீன் தின்றிருந்தது. இடுப்பில் பெல்ட் இருந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட தோலை எடுத்து நெல்வின் தைத்துப் போட்டுக்கொண்ட பெல்ட். கறுப்புத் தோல், வெள்ளை நூல். ஜெனிஃபா தொட்டுப் பார்த்தாள்.

"அவருதுதான்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். தாலியைக் கழற்றினாள். சோறு தின்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் நெல்வினோடு வேலை பார்த்தவர்கள்தான் பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். கயிற்றைப் பிடித்துக் குனிந்தபோது சட்டைகள் மேலே ஏறின.

சாந்தகுமார் இடுப்பில் கறுப்பு பெல்ட். வெள்ளைத் தையல்.

பக்கத்தில் முஜாஹித் இடுப்பிலும் அதே.

எதிரில் நின்றவர்களுக்கும் அதே.

"இந்த பெல்ட்டு ஏதுப்பா?" என்று சாந்தகுமாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கழிச்ச தோலுப்பா. கம்பெனியில எல்லாரும் தைச்சுப்போம். பாதி ஊருக்கு நாங்கதான் தைச்சுக் குடுத்துக்கீறோம்."

அந்த மழையில் ஓடை எந்த ஊரிலிருந்து யாரை இழுத்து வந்ததோ. சபை ஆயர் மண் போடச் சொன்னார். போட்டேன். ரஃபியும் வந்து போட்டான். ஜெனிஃபா முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அடுத்த வாரம், வலை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பகலில் தனியாக ஏரிக்குப் போனேன். ஒயரைத் தண்ணீரில் இறக்கினேன். ஆழத்துக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

கரையை விட்டதுமே கோடு இருந்தது.

கொஞ்ச தூரம் வலித்தேன். வந்தது. நடு ஏரியில் துடுப்பை எடுத்து மடியில் வைத்தேன்.

கோடு ஏறத் தொடங்கியது.

மெதுவாக ஏறியது. படகின் அடியைத் தொடுகிற மட்டுக்கு வந்தது. அப்புறம் திரையில் ஒன்றும் இல்லை.

காலுக்குக் கீழே ஃபைபர் சில்லிட்டது.

"டேய் நெல்வின்," என்றேன். "அந்தப் பொண்ணு இப்பதாண்டா சாப்புடுது."

காற்று இல்லை. தண்ணீர் ஆடாமல் கிடந்தது. தூரத்துக் கரையில் ஜெனிஃபா எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கையை ஆட்டினாள்.

துடுப்பு என் மடியில்தான் இருந்தது.

படகு அவளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.