உடையாத கண்ணாடித் துண்டு

"உடைஞ்ச கண்ணாடி தானா ஒட்டிக்குமாங்க?"

வீடு பழுதுநீக்க உதவித்திட்ட அலுவலகத்துக்குள் நுழையும்போதே அந்தத் தையல்காரி இப்படித்தான் கேட்டாள். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். அவருடைய உதவியாளரான இளம்பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

தையல்காரியின் வீட்டுச் சுவரில் விரிசல். கட்டுமானக் கோளாறுள்ள வீடுகளை அரசே சரிசெய்து தரும் திட்டத்துக்கு மனுப் போட்டிருந்தாள். அலுவலக ஆள் வந்து விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதித்துவிட்டுப் போனான். சுவர் நகர்ந்தால் அது உடையும். உடைந்தால் உதவி உண்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கண்ணாடி முழுசாக இருந்ததால் மனு தள்ளுபடி.

"ஆனா மூணு தடவை உடைஞ்சுதுங்க. மத்தியானம் தைச்சுட்டு இருக்கேன், 'டிக்'னு சத்தம். துணி குடுத்துட்டு சாயங்காலம் வந்து பாத்தா முழுசா இருக்கு! எங்க வீட்டுக்காரர் எனக்குப் பித்துப் பிடிச்சிருச்சுங்கறார். மாமியார் கடைசி நாள்ல அந்தச் சுவத்தைத் தடவிட்டேதான் கிடந்தாங்க. இப்ப அவங்க படத்துக் கண்ணாடியையும் காணோம்…"



மறுநாள் மத்தியானம் இருவரும் அங்கே போனார்கள். வெயில் நேரத்திலும் அந்த அறை சில்லென்றிருந்தது. மேசையிலிருந்து விழுந்த நூல்கண்டு, யாரோ கூப்பிட்டது போல உருண்டு சுவரடிக்குப் போய் நின்றது. சுவருக்குள் எதுவோ மெல்ல முனகியது. உதவியாளர் ஓரடி பின்வாங்கினாள். மேலே, கண்ணாடி இல்லாத சட்டத்திலிருந்து மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரிசல் மேலிருந்த கண்ணாடித் துண்டை வெகுநேரம் பார்த்தார்.

"அவங்க வீட்டுக்காரர்தான் சார்," என்று காதோரம் கிசுகிசுத்தாள் உதவியாளர். "வீட்டைக் காலி பண்ண மனசில்லாம கண்ணாடியை மாத்தியிருக்கார்."

"எல்லாரையும் கூப்பிடும்மா."

கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான் கணவன். பின்னாலேயே, முன்பு கொத்தனாராக இருந்து வேலையை விட்டுவிட்ட மாமனார் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்க ஆளு முதல்ல விரிசலுக்குக் குறுக்க நேரா ஒரு பென்சில் கோடு போடுவான். அதுக்கு மேலதான் கண்ணாடி," என்றார் ஆய்வாளர். "இப்ப பாருங்க, கண்ணாடி முழுசா இருக்கு. ஆனா அடியில கோடு ரெண்டா பிரிஞ்சு ஒரு பக்கம் கீழ இறங்கியிருக்கு."

"அப்ப நான் பாத்தது நிஜம்," என்றாள் தையல்காரி. கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிஜம்தாம்மா. படத்துக் கண்ணாடியை அறுத்து வச்சிருக்காங்க. அடுத்தது, கண்ணாடியை ஒட்டின சாந்து. எங்க ஆளு அள்ளி அப்பிட்டுப் போயிடுவான். இது கட்டைவிரலால ஒரே இழுப்புல வழிச்சு, ஓரம் சீவின வேலை. உங்க வீட்டுக்காரருக்கு இது வராது. பெரியவரே, கைப்பழக்கம் ஒளிஞ்சுக்காதுங்க."



"என் குழந்தை அந்தச் சுவத்துக்குக் கீழதான் தூங்குது மாமா," என்றாள் மருமகள்.

கிழவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "குழந்தையை மாத்திட்டு என் கட்டிலை அங்க போடச் சொல்லிக் கேட்டேனேம்மா… நீ விடல. இந்தத் தெருவுல இதோட சேத்து எட்டு வீடு நான் கட்டினது. எல்லாத்துக்கும் ஒரே மணல். உப்பு மணல். கழுவிப் போடணும்னு தெரியும். அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். உள்ள கம்பி எல்லாம் அரிச்சிருக்கும். இதைத் தோண்டினா எல்லா வீட்டையும் தோண்டுவாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்?"

"எட்டு வீட்டுக்கும் உதவி கிடைக்கும். நான் எழுதறேன்," என்றார் ஆய்வாளர். "ஆனா எட்டு வீட்டுக்காரங்களும் இன்னிக்கே வெளிய வரணும். நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க."

கிழவர் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தார். தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். கைக்குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள்.

"பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வாம்மா," என்றார் கிழவர். "இந்த வீடு நிக்காது. கட்டினவன் சொல்றேன்."