கடுகுக்கு இருபத்தொரு நாள்

நாய்க்குட்டி கூடத்தின் நட்டநடுவில் மூத்திரம் போனது. மங்கையர்க்கரசி தன் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். அதில் ஓடிய பச்சைக்கோடு அசையவே இல்லை.

"மேடம், இப்ப உங்களுக்கு லேசா ஒரு எரிச்சலாவது வரணும்," என்றான் ஜெரால்டு. பட்டைகளைப் பழுது பார்க்கும் நிறுவன ஊழியன் அவன். பன்னிரண்டு நாளில் இது மூன்றாவது வருகை.

"எதுக்குப்பா எரிச்சல்? துடைச்சா போயிடும்."

"நீங்க எரிச்சல்பட்டாத்தான் அதுக்குத் தெரியும், இது தப்புன்னு."

இணைமனப் பட்டை வந்தபிறகு நாய்க்குட்டி பழக்குவதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்று ஆகிவிட்டது. முன்பு மாதக்கணக்கில் லோல்பட வேண்டும். சாப்பிட்ட கால்மணி நேரத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு மூத்திர விரிப்புக்கு ஓட வேண்டும். தூங்கி எழுந்தாலும் ஓட வேண்டும். சரியான இடத்தில் போனால் அந்த நொடியே கொஞ்சி, பிஸ்கட் துண்டு கொடுக்க வேண்டும். கூண்டுக்குள் விட்டால் ஊரைக் கூட்டும். அழுகை ஓயும்வரை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது மனிதருக்கு மணிக்கட்டில் ஒரு பட்டை, குட்டிக்குக் கழுத்தில் ஒரு பட்டை. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அது அப்படியே அதற்கும் தோன்றும். விரிப்பில் போனால் உங்கள் சந்தோஷம், தரையில் போனால் உங்கள் அருவருப்பு. ஒரே வாரத்தில் குட்டி தேறிவிடும். அதன் மனசிலிருந்தும் கொஞ்சம் உங்களுக்குத் திரும்பி வரும். அதற்கு முட்டிக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரிய வேண்டுமே!

பட்டை வந்ததும் சிறுசேரியின் நாற்பது மாடிக் குடியிருப்புகளில் சட்டமும் வந்தது. நான்கு கிலோவைத் தாண்டாத இனம்தான் வளர்க்கலாம். வந்த இருபத்தொன்றாம் நாள் தேர்வு. தோற்றால் குட்டியை வளர்ப்பகத்துக்கே திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பொமரேனியனுக்கு மனுப் போட்டது அரசியின் கணவன் சேந்தன். பெயர்க் கட்டத்தில் 'கடுகு' என்று எழுதியதும் அவன்தான். ஒதுக்கீடு வர எட்டு மாதம் ஆனது. ஆறாவது மாதம் அவன் குளியலறையில் விழுந்தான், எழவில்லை. அரசி அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து போன உறவுக்காரர்கள், "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு," என்று லிஃப்ட் வரைக்கும் பேசிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. கடுகை எடுத்துக்கொண்டு போய்விட்டால், சேந்தன் ஆசைப்பட்டது என்று இந்த வீட்டில் எதுவும் இருக்காது.

"விரிப்புல போறப்ப எதாவது சந்தோஷமானத நினைச்சுக்கங்க மேடம்," என்று சொல்லிவிட்டு ஜெரால்டு போனான்.

நினைத்துப் பார்த்தாள். துக்க வீட்டில் ஓராண்டுக்கு இனிப்புக் கிண்டக் கூடாது என்று நாத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்ததால், கடையில் மைசூர்பாகு வாங்கி மறைத்துக்கொண்டு வந்தாள். கடுகு விரிப்பில் கால் வைத்ததும் ஒரு துண்டை வாயில் போட்டாள். நெய் தெரிந்தது, சர்க்கரை தெரிந்தது. கோடு அப்படியே கிடந்தது. கல்யாண வீடியோவைப் போட்டாள். சேந்தன் தாலி முடிச்சைப் போடத் தெரியாமல் முழிக்க, அவன் தங்கை தலையில் அடித்துக்கொள்ளும் இடம். எத்தனை முறை பார்த்தாலும் சிரித்த இடம். ஒன்றுமில்லை. இப்படி நாய்க்குட்டி மூத்திரம் போவதற்காகத் தாலி கட்டுவதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பெண்பிள்ளை உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பதினான்காம் நாள் கடுகு அழுகையை நிறுத்தியது. பதினாறாம் நாள் தானாகவே கூண்டுக்குள் போய்ப் படுத்தது. கதவு திறந்தே இருந்தும் வெளியே வரவில்லை. கிண்ணம் வைத்தால் தின்றது. விரிப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் போனது. நிறுத்தாவிட்டால் அடக்கிக்கொண்டு கிடந்தது. வால் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டதுபோல் இருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் குமரகுரு தேர்வுக்கு வந்தார். நடைபாதையில் ஈரக்குடை சொட்டினாலே புகார் எழுதி, வாசலில் நின்று பொரிந்து தள்ளுகிற மனிதர். சாவிக்கொத்தை ஆட்டினார். பலூனை உடைத்தார். கடுகு பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஏம்மா, முந்நூறு நாய்க்குத் தேர்வு வெச்சிருக்கேன். இப்படித் தங்கமான குட்டிய நான் பாத்ததே இல்ல!"

குட்டி தேறிவிட்டது, இனி யாரும் தொட முடியாது. சந்தோஷப்பட வேண்டும் என்று அரசிக்குத் தெரிந்தது.

மறுநாள் ஜெரால்டு மூச்சிரைக்க வந்தான். "மேடம், உங்க பதிவ மேலிடத்துல பாத்தாங்க. மூணு வாரமும் ஒரே நேர்கோடு! கோபம் இல்ல, பதற்றம் இல்ல. எல்லாப் பட்டைக்கும் இதையே அனுப்பலாமான்னு கேக்கறாங்க. 'பேரமைதி'ன்னு பேர்கூட வெச்சாச்சு."

"அனுப்பிக்கங்க," என்று அவன் நீட்டிய திரையில் கைநாட்டு வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் ஏதாவது தோன்ற வேண்டுமில்லையா?

ஒரு மாதத்தில் ஊரில் குரைப்புச் சத்தம் அடங்கியது. எல்லோரும் கொண்டாடினார்கள். அப்புறம் கொண்டாட்டமும் அடங்கியது. குட்டிகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. லிஃப்ட் நாற்பது நிமிடம் நின்றுபோனது. உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட மணியை அழுத்தவில்லை. ஏழாம் மாடிக் குழந்தை கையிலிருந்த ஐஸ்கிரீம் கீழே விழ, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்து போனது.

வழக்கமான சோதனைக்கு ஜெரால்டு வந்தான். அவன் கையிலும் பட்டை. நிறுவனம் அவனுக்கும் ஒரு குட்டி கொடுத்திருந்தது. பட்டையில் திருப்புளியைச் செருகிக்கொண்டே சொன்னான்: "காலைல எங்கம்மா தவறிட்டாங்க மேடம்."

அரசி நிமிர்ந்தாள். "என்னப்பா சொல்றே? இங்க என்ன பண்றே நீ?"

"இன்னிக்கு உங்க முறை மேடம்."

அவன் முகத்தைப் பார்த்தாள். அது அவளுடைய முகம். அவள் கொடுத்தனுப்பிய முகம். இந்தப் பையனின் அம்மாவுக்கு அழவும் ஆளில்லாமல் பண்ணிவிட்டோமே என்று தோன்றியது. "ஐயோ," என்றாள். பிறகு சேந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு மாதமாக வராதது மொத்தமும் வந்தது. தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மணிக்கட்டில் கோடு தாறுமாறாகத் துள்ளியது.

கடுகு கூண்டைவிட்டுப் பாய்ந்து வந்தது. ஊளையிட்டது. கூடத்தின் நடுவிலேயே மூத்திரம் போனது.

வாசலில் செயலாளர் குமரகுரு நின்றிருந்தார். அவர் மணிக்கட்டிலும் பட்டை. சத்தத்தையும் கேட்டார், குட்டையையும் பார்த்தார். தேறின குட்டி தவறினால் அன்றே எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் எழுதிய விதி. அரசி கடுகை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் புகார்ப் புத்தகத்தை எடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா," என்று திரும்பி நடந்தார்.

பிழைத்தோம் என்று இருந்திருக்க வேண்டும். அவளுக்குப் பகீரென்றது. குட்டியோடு பின்னாலேயே ஓடினாள்.

"சார், நில்லுங்க சார்! கூடத்துலயே போயிருக்கு சார், பாத்தீங்கல்ல? எழுதுங்க. ஒரு வார்த்தை திட்டிட்டாவது போங்க!"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது, மூடியது. அவர் ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.